உப்பு பார்க்க வந்த செல்வி அக்கா

கரண்டியிலிருந்து கஞ்சி செல்வி அக்காவின் உள்ளங்கையில் விழுகிறது. சூடு தாங்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார். இரண்டு தரம் ஊதுகிறார். நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஒரு கல்லு போடலாம் பாயம்மா” என்பார் செல்வி அக்கா. இல்லாவிட்டால், “சரியா கீது” என்பார். இரண்டில் ஒன்றுதான். அதற்கு மேல் அபிப்பிராயம் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. மூடியைப் போட்டு அடுப்பைக் குறைத்துவிடுவாள்.

நோன்பு மாதம், மாலை நாலு மணி, கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. இவ்வளவுதான் காட்சி. இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டேன். ஒருமுறை பாத்திரம் கழுவ. ஒருமுறை, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்க. மூன்றாவது முறை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தாவைப் பற்றியும், வில்லியனூர் கடைவீதியில் அவர் வைத்திருந்த துணிக்கடையைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் வாரக்கணக்கில் அளந்தாயிற்று. அம்மா எங்கே, அம்மாவின் சமையல் எங்கே என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நோன்புக் கஞ்சியின் பக்குவத்தைப் போட முடியுமா என்று ஆசிரியரும் கேட்டார். பக்குவம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது வேறு. அதைச் சொல்லிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

யாருடைய நாக்கு?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நோன்பு என்றால் விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. ஆனால் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கஞ்சி தயாராக இருக்க வேண்டும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கை நிறையப் புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறவள்தான் அதைக் கிண்ட வேண்டும். ருசி பார்க்க அவளுக்கு வாய் கிடையாது.

சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு என்று பள்ளிவாசல் பயானில், மார்க்கச் சொற்பொழிவில், ஒருமுறை சொன்னார்கள். அத்தா அதை வீட்டில் வந்து சொன்னார். “நாக்குல வச்சது தொண்டைக்குப் போவாதுன்னு யாரு ஜாமீன் குடுக்கறது?” என்று அம்மா கேட்டாள். அத்தா சட்டையை மாட்டிக்கொண்டார். கடைக்குப் போய்விட்டார்.

வில்லியனூரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தவரை உப்பு பார்க்கிற வேலை என்னுடையது. நோன்பு வைக்கிற வயது வராத பிள்ளைக்குத்தான் அந்தப் பதவி. எனக்கு அதில் ஏகப்பட்ட மிதப்பு. சரியாக இருந்தாலும் “இன்னும் ஒரு வாய் குடு, தெரியல” என்பேன். மூன்றாவது வாய் கேட்டால் கரண்டிக் காம்பால் முட்டியில் ஒன்று விழும்.

நானும், என் பின்னாலேயே தம்பியும் நோன்பு பிடிக்க ஆரம்பித்த வருடம் வீட்டில் நாக்கே இல்லாமல் போயிற்று. அந்த வருடம் ஒருநாள் அம்மா உப்பு போட்டுவிட்டு அஸர் என்கிற மாலைத் தொழுகைக்குப் போனாள். உதவிக்கு வந்திருந்த பெரியம்மா, அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துத் தன் பங்குக்கு ஒரு கை போட்டுவிட்டார். வந்திருந்த விருந்தாளிகள் பத்துப் பேர். பாங்கு சொன்னதும் எல்லோரும் ஒன்றாகக் கிண்ணத்தை வாயில் வைத்தார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள். அத்தா மட்டும் கண்ணில் தண்ணீர் வர முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு, “இன்னிக்கு கடற்கரைக் கஞ்சி” என்றார். அம்மா அதைப் பல வருடம் மன்னிக்கவில்லை. பெரியம்மாவை அல்ல, அத்தாவை.

கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்த பிறகுதான் செல்வி அக்கா கிடைத்தார். எங்கள் மனை அவர்கள் நெல் போட்ட நிலம். விற்று, கல் நட்டு, மனை மனையாகப் பிரித்தபோது நாங்கள் வாங்கினோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு காலி மனை தாண்டினால் அவர் வீடு, மாட்டுக் கொட்டகை, மிச்சமிருக்கிற கொஞ்சம் வயல். “எங்க நாத்தங்கால்லதான் நீங்க கட்டில் போட்டுத் தூங்கறீங்க” என்று சிரிப்பார்.

வந்த முதல் நோன்பிலேயே, கொல்லைப்பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்தவரை அம்மா கூப்பிட்டுக் கையில் கஞ்சியை ஊற்றினாள். அன்றிலிருந்து நோன்பு மாதத்தில் நாலு மணியானால் அவர் வருவார். கைகழுவிவிட்டு, ஈரக்கையை நீட்டியபடியே உள்ளே நுழைவார். ஒரு கிண்ணம் கஞ்சி அவருக்கென்று தனியாகப் போகும். அத்தா இறந்த வருடம்கூட இது நின்றதில்லை.

துணைக்கு ஒரு வாய்

போன வருட நோன்புக்கு முன்னால், சர்க்கரை கூடிப்போன அம்மாவிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோன்பு வைக்கவே கூடாது. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை.

நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் அம்மாவிடம் திரும்பி வந்து வெகுநாளாகிறது. தம்பி குடும்பத்தோடு வில்லியனூரில் இருக்கிறான், நோன்பு திறக்க மட்டும் எல்லோரும் இங்கே வந்துவிடுவார்கள். அம்மா என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு விட்டேனா? மாத்திரை டப்பாவுக்குக் கிழமை எழுதி ஒட்டினேன். சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சமையலறை அம்மாவுடையது, சட்டம் என்னுடையது.

“நோன்பு வைக்க மாட்டேன்னு சொல்லு” என்றேன். “வைக்கலடி, போ” என்றாள்.

விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுந்தால், எனக்கு முன்னால் எழுந்து சோறு சூடாக்கியிருப்பாள். நீ ஏன் எழுந்தே என்றால், நீ ஒருத்தியா சாப்பிடுவியா, துணைக்கு ஒரு வாய் சாப்பிடுகிறேன் என்பாள். அந்த ஒரு வாய் ஒரு தட்டு இருக்கும். மாத்திரையையும் அப்போதே போட்டுக்கொள்வாள். பகலுக்கு நான் அடுக்கு டப்பாவில் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் டப்பா காலியாக, கழுவிக் கவிழ்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தால், நோன்பாளி முன்னால் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று நான் நெகிழ்ந்தேன்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறினால் திருப்பி அனுப்புவேன். அங்கே என்னைக் கண்டால் பயப்படுவார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீர்

பத்தொன்பதாவது நோன்பு. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். நாலு மணி. வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே புதினா வாசனை. சமையலறையில் செல்வி அக்கா கையை நக்கிவிட்டு, “சரியா கீது பாயம்மா” என்றார்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்பு காலில் இருக்கும்போதே அது உறைத்தது. அம்மாதான் நோன்பு இல்லையே. அவளுக்கே வாய் இருக்கிறதே. பிறகு எதற்கு செல்வி அக்கா?

எத்தனை நாள் பார்த்த காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். பழக்கத்தால் கண்ணில் படவே இல்லை.

“நீயே பாக்கலாமில்ல?” என்றேன்.

அம்மா திரும்பவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். செல்வி அக்கா தரையைப் பார்த்தார். டப்பா மேடையில் கவிழ்ந்திருந்தது. அதை யார் சாப்பிட்டது என்று கேட்டேன். நான்தான் என்று செல்வி அக்கா சொன்னார். ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை.

அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இது பொய்க் கட்டுரை. “எங்கம்மாவ சாவடிக்கத்தான் தெனம் வரியா? இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத” என்றேன். ஐம்பத்தைந்து வயது மனுஷி. கையில் கஞ்சி ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார்.

பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அம்மா முன்னால் நீட்டினேன்.

“இன்னும் ரெண்டு மணி நேரம்தானேடி” என்றாள் அம்மா. “இன்னிக்கு ஒண்ணை முடிச்சுக்கறேன். நாளையிலேர்ந்து விட்டுடறேன்.”

முடியாது என்றேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். வாங்கினாள். பிஸ்மில்லா சொல்லிக் குடித்தாள். அவள் தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன். மிஷினில் சர்க்கரை பார்த்தால் பயப்படும்படி ஒன்றுமில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா நோன்பு வைக்கவில்லை. நான் சந்தேகப்பட்டு மத்தியானம் போன் செய்து, “இப்ப வாயில இன்னா இருக்குது?” என்று கேட்பேன். “சோறு” என்பாள். மெல்லும் சத்தம் கேட்கும்.

ஆனால் கஞ்சியில் உப்பு போடுவதை நிறுத்திவிட்டாள். கிண்ணங்களுக்கு நடுவே உப்பு ஜாடியை வைத்து, அவரவர் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். தானே ருசி பார்க்கலாம், தடையில்லை. பார்க்கவில்லை. பதினோரு நாளும் அப்படித்தான். தம்பி என்ன விஷயம் என்று கண்ணால் கேட்டான். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைக்க முடியாதவர்கள் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அம்மாவுக்காக அரிசி வாங்கிப் பள்ளிவாசலில் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். சரி என்றாள். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், படுத்த இடத்திலேயே அம்மா போய்விட்டாள். இதயம். நோன்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார், நான் இரண்டு முறை கேட்டதால். அந்தப் பத்தொன்பதாவது நோன்புதான் அம்மா வைத்த கடைசி நோன்பு. அதை முறித்தவள் நான். செல்வி அக்கா மழையில் தெருவில் நின்றுகொண்டிருந்தார், தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்தபடி. உள்ளே வரவில்லை. படி ஏறாதே என்று சொன்னவள் கூப்பிட்டால்தானே வருவார்? நான் கூப்பிடவில்லை.

ஏழாவது நாள்

இந்த வருட நோன்பு வந்தது. கஞ்சியை நான் வைத்தேன். முதல் நாள் உப்பில்லை. இரண்டாம் நாள் வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கலாம்தான், அனுமதி இருக்கிறது. கரண்டியை வாய்வரை கொண்டுபோவேன். யாரோ ஜாமீன் கேட்பது போல் இருக்கும். இறக்கிவிடுவேன். தம்பி பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

இரவு எழுந்து நடப்பேன். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். பின்கதவைத் திறந்தால் இருட்டில் மாடு மூச்சுவிடுவது கேட்கும். என்னோடு பேசாமல் அம்மா போய்விட்டாள் என்று சொல்ல முடியாது. பேசினாள், மாத்திரை கேட்டாள், சீரியல் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை மன்னித்தாளா இல்லையா என்று கேட்க இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைத்தான் நான் துரத்தியிருந்தேன்.

ஏழாவது நாள், நாலு மணிக்கு, ஒரு தூக்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு பின்கதவு வழியாக நடந்தேன். மனைக்கற்களைச் சுற்றி முள் மண்டியிருந்தது. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று நின்றேன். கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த செல்வி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். திரும்ப முடியவில்லை.

சாணிக் கூடையைக் கீழே வைத்தார். குழாயில் கையைக் கழுவினார். நீட்டினார். நான் ஊற்றினேன். ஊதி, நக்கி, கண்ணை மூடினார்.

“கரிக்குது. தேங்காப்பால் இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

“என்ன மன்னிச்சிடுக்கா” என்றேன்.

அதைக் காதில் வாங்காதவர் போல ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். அவரும் தரையில் உட்கார்ந்தார். பிறகுதான் பேசினார். நோன்பு வேண்டாம் என்று அவரும் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறார். அம்மா கேட்கவில்லை. அப்படியானால் பகலெல்லாம் நான் கூட உட்காருவேன், கண் இருட்டினால் அந்த நிமிஷமே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பத்தொன்பது நாளும் இடுப்பு மடிப்பில் சர்க்கரைப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டில், நான் இருக்கிற ஞாயிறு என்றால் கொல்லைப்பக்கம், உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கட்டி வைத்த சோற்றை, எறியக் கூடாது என்று அவர் தலையில் அம்மா கட்டிவிட்டாள்.

“உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. அத்தையும் துன்னேன் பாரு” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அதுக்கப்புறம் அம்மா உன்னப் பாக்கவே இல்லியாக்கா?” என்று கேட்டேன்.

“யாரு சொன்னது? நீ என்னத்தான வூட்டு உள்ள வராதன்ன? அவங்கள இங்க வராதன்னியா?”

அந்தப் பதினோரு நாளில் நான் வேலைக்குப் போன மத்தியானமெல்லாம் அம்மா இங்கே வந்திருக்கிறாள். கையில் என் டப்பாவும், தான் தனியாக வைத்த கறிக்குழம்பும். விட்ட நோன்புக்குச் சோறு போட வேண்டும், மகள் அரிசி கொடுத்தது மகள் கொடுத்தது, என் கையால் நான் போட்டால்தான் எனக்கு மனசு ஆறும் என்றாளாம். ரெண்டு மாடும் நிலமும் வைத்திருக்கிற நான் ஏழையா என்று செல்வி அக்கா கேட்டதற்கு, இன்னிக்கு நீ ஏழைதான், பேசாம குந்து என்றாளாம். ஒரே தட்டில் போட்டு இருவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் கல்யாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அப்படி. செல்வி அக்காவுக்கு முதல் நாள் கூச்சமாக இருந்ததாம்.

நான் போனில் கேட்ட மெல்லும் சத்தம் இந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்திருக்கிறது.

“என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா?” இதைக் கேட்கத்தான் வந்தேன்.

“திட்டினாங்க” என்றார் செல்வி அக்கா. “தெனம் திட்டினாங்க. சோறு துன்னு முடிக்கிற வரைக்கும் திட்டுவாங்க. என் பொண்ணு என்னக் கொழந்தையா ஆக்கிட்டா, நோம்பு ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது, அத்தையும் புடுங்கிட்டான்னு திட்டுவாங்க. அப்பறம் மூணரை ஆயிட்டா போதும், எழுந்துடுவாங்க. செத்த குந்து பாயம்மான்னா குந்த மாட்டாங்க. புள்ள பசியோட வருவா, கஞ்சி வைக்கணும்னு முள்ளுல செருப்பு கூட மாட்டாம ஓடுவாங்க.”

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. என்னிடமே திட்டியிருக்கலாம். அதற்கு இடம் கொடுக்காமல் வைத்திருந்தது நான்தான் என்பதும் கூடவே தெரிந்தது. எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. பக்கெட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

செல்வி அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அழுதா நோம்பு முறிஞ்சிடுமா பாப்பா?”

“முறியாதுக்கா.”

“அப்ப அழுவு” என்று என் மடியிலிருந்த தூக்கை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.